கேஷுவல்: பாராட்டா, குறையா?

தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் இளைஞர் கேட்ட கேள்வி இது: 'ஆண்டு மதிப்பீட்டில் என் மேலாளர், வேலையில் என் அணுகுமுறை கேஷுவலாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். பதற்றப்படாமல் இயல்பாக வேலை செய்கிறேன் என்று பாராட்டுகிறாரா, குறை சொல்கிறாரா? கேஷுவல் லீவ், கேஷுவல் லேபர், கேஷுவல் டிரஸ் என்று எங்கு பார்த்தாலும் வருகிறதே, இந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?'

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். பாராட்டவில்லை, குறைதான் சொல்கிறார். கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார், அவ்வளவுதான். அந்த வாக்கியத்தைப் பூசி மெழுகாமல் தமிழில் எழுதினால் 'ஏனோதானோவென்று வேலை பார்க்கிறார்' என்று வரும். அவரிடம் போய் நன்றி சொல்லிவிடாதீர்கள்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வருவதல்ல. தமிழ்ப் பேச்சுக்குள் நுழைந்தபோது இந்தச் சொல் தன் நல்ல முகத்தை மட்டுமே கொண்டுவந்தது. ஒரு பெரிய மனிதர் கேஷுவலாகப் பேசினார் என்று நாம் சொன்னால், பந்தா இல்லாமல் பழகினார் என்று பொருள். தேர்வில் தோற்ற பையனிடம் 'கேஷுவலாக எடுத்துக்கொள்' என்றால், மனத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று ஆறுதல் சொல்கிறோம். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர் காதில் இந்த ஆறுதல் விபரீதமாக விழும். ஒரு விஷயத்தை கேஷுவலாக எடுத்துக்கொள்வது என்றால், அதற்குரிய மதிப்பை அதற்குக் கொடுக்காமல் விடுவது. நோயாளியிடம் மருத்துவர், 'ரத்த அழுத்தத்தை இப்படி கேஷுவலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்' என்று கண்டிப்பார். ஆறுதல் சொல்ல அவர்களிடம் இருப்பது 'டேக் இட் ஈஸி' போன்ற வேறு தொடர்கள்.

சொல்லின் வேரைப் பார்த்தால் பாதி சிக்கல் அவிழ்ந்துவிடும். லத்தீனில் 'காடேரே' என்றால் விழுதல். அதிலிருந்து வந்த 'காசுஸ்', வந்து விழுந்ததை, அதாவது எதிர்பாராமல் நேர்ந்ததைக் குறிக்கும். தமிழிலும் லாட்டரி விழுகிறது, சீட்டு விழுகிறது, பழி தலையில் விழுகிறது. நம் கையில் இல்லாமல் நேர்வதை விழுதலாகப் பார்ப்பது இரண்டு மொழிகளுக்கும் பொது. சான்ஸ், ஆக்சிடென்ட், ஆக்கேஷன் எல்லாம் அதே வேரில் முளைத்தவைதான். பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்த கேஷுவலுக்கு அப்போது 'தற்செயலான' என்பதுதான் பொருள். இறுக்கமில்லாத உடை, எளிய பேச்சு என்ற பொருள்கள் எல்லாம் வெகுகாலம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டவை.

ஆகவே இந்தச் சொல்லின் நடுவில் இருப்பது எளிமை இல்லை. முன்னேற்பாடு இல்லாமை, அதிலிருந்து ஒரு படி நகர்ந்தால், பிடிமானம் இல்லாமை, பொறுப்பேற்காமை. இதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொடரையும் திறந்து பாருங்கள்.

கேஷுவல் லீவை எடுத்துக்கொள்வோம். அரசு அலுவலகத் தமிழில் அது தற்செயல் விடுப்பு. ஆட்சித்தமிழில் எத்தனையோ சொற்கள் வாயில் நுழையாமல் கிடக்க, இது மட்டும் சரியான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. திடீரென்று குழந்தைக்குக் காய்ச்சல், ஊரில் ஒரு சாவு, வாசலில் வந்து நிற்கும் உறவினர் என்று எதிர்பாராமல் நேர்வதற்காக ஒதுக்கிய நாள்கள் அவை. தமிழக அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள், மத்திய அரசு ஊழியருக்கு 8 நாள். விதிகளின்படி அது மற்ற விடுப்புகளோடு சேர்த்து எண்ணப்படுவதில்லை. தற்செயல் விடுப்பில் இருப்பவர் பணியில் இல்லாதவராகக் கருதப்படுவதும் இல்லை. அடுத்த ஆண்டுக்குச் சேர்த்து வைக்கவும் முடியாது. எதிர்பாராத நிகழ்வைச் சேமித்து வைக்க முடியாதே! ஆனால் நடைமுறை வேறு. மிச்சமிருக்கும் நாள்கள் வீணாகிவிடக் கூடாது என்று டிசம்பர் மாதக் கடைசியில் அலுவலகமே காலியாகும். மூன்று மாதம் முன்பே முகூர்த்தம் குறித்த கல்யாணத்துக்கு, பத்திரிகையையும் இணைத்துத் தற்செயல் விடுப்பு கேட்பவர்கள் உண்டு. மேலதிகாரியும் சிரிக்காமல் கையெழுத்துப் போடுவார்.

தேர்தல் சட்டத்தில் இதே பொருள் இன்னும் துலக்கமாகத் தெரியும். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 'கேஷுவல் வேகன்சி' என்று ஒரு தொடர் வருகிறது. மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருபவர்கள் அதைச் 'சாதாரண காலியிடம்' என்று எழுதிவிடுவார்கள். ஐந்தாண்டு முடிந்து காலியாவதுதான் சாதாரணம். உறுப்பினர் இறந்தோ பதவி விலகியோ தகுதி இழந்தோ இடையில் காலியானால் அதுதான் கேஷுவல். அதை நிரப்பத்தான் இடைத்தேர்தல் நடக்கிறது. பொதுவாக ஆறு மாதத்துக்குள் நடத்தியாக வேண்டும். சாதாரணம் என்ற சொல் இங்கே பொருளை நேர் எதிராகத் திருப்பிவிடுகிறது.

அதே குடும்பத்துச் சொல்தான் 'கேஷுவால்டி'. நம் அரசு மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இன்றும் அதுதான் பேச்சு வழக்குப் பெயர். தற்செயலாக நேர்ந்தது, விபத்தாகி, விபத்தில் சிக்கியவராகி, கடைசியில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடமாகிவிட்டது. செய்தி மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: போர்ச் செய்திகளில் 'நூறு கேஷுவால்டி' என்றால் நூறு பேர் செத்தார்கள் என்று பொருள் இல்லை. இறந்தவர், காயமுற்றவர், காணாமல் போனவர், பிடிபட்டவர் எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள். காயமடைந்தவர்களை எல்லாம் ஒரே வரியில் கொன்றுவிடும் செய்திகளை இன்றும் பார்க்க முடிகிறது.

இனி கேஷுவல் லேபர். இந்தச் சொல்லின் கனம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழைகளுக்கான பணி இல்லங்களில் 'கேஷுவல் வார்டு' என்று தனிக் கொட்டடி இருந்தது. ஊர் ஊராக அலையும் வீடற்றவர்கள் ஓர் இரவு தங்கும் இடம் அது. தங்கியதற்கு ஈடாகக் கல் உடைக்க வேண்டும், அல்லது தார் ஏறிய பழைய கப்பல் கயிற்றை விரலால் நார் நாராகப் பிரித்துப் போட வேண்டும். அங்கே அடைபட்டவர்களுக்கு 'கேஷுவல்கள்' என்றே பெயர். அவர்களுக்கென்று 1882இல் ஒரு சட்டமே வந்தது. உள்ளே வந்தவர் மறுநாளே கிளம்பிவிட முடியாது, அதற்கடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் வெளியேறலாம் என்றது அது. ஆக அந்தக் காலத்தில் கேஷுவல் என்று ஒருவரைச் சொன்னால், நாளைக்கு எங்கே என்று தெரியாதவர்.

லண்டன் துறைமுகத்திலும் அதே கதை. விடியற்காலையில் வாயிற்கதவுக்கு முன்னால் ஆட்கள் திரள்வார்கள். மேஸ்திரி வந்து நின்று, இவன், அவன் என்று கை காட்டிப் பொறுக்குவார். அவர் கண்ணில் படுவதற்காக ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி முண்டியடிப்பார்கள். பொறுக்கப்பட்டவருக்கும் முழு நாள் வேலை உறுதியில்லை. ஓரிரு மணி நேரம் மூட்டை தூக்கவிட்டு அனுப்பிவிடலாம். 1889இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் அவர்கள் கேட்டவை, மணிக்கு ஆறு பென்ஸ் கூலியும், கூப்பிட்டால் குறைந்தது நான்கு மணி நேரமாவது வேலை என்ற உறுதியும். கூலியை உயர்த்திப் பெற்றுவிட்டார்கள். ஆனால் நாள்தோறும் ஆள் பொறுக்கும் முறை பிரிட்டனில் முழுமையாக முடிவுக்கு வர 1967 ஆகிவிட்டது. இந்தியாவிலும் இதே நோக்கத்தோடு 1948இல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டு, சென்னை உள்ளிட்ட துறைமுகங்களில் அவர்களுக்கான வாரியங்கள் அமைந்தன.

இன்றைய இந்தியாவில் அரசு எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பு, உழைப்பவர்களை மூன்றாகப் பிரிக்கிறது: சொந்தத் தொழில் செய்பவர், மாதச் சம்பளக்காரர், கேஷுவல் லேபர். நூறு நாள் வேலை என்று பெயர் பெற்ற திட்டத்தில் மண் வெட்டுபவர் அந்த மூன்றாம் கட்டத்தில்தான் வருவார். காலையில் சந்திப்பில் வாளியும் கரண்டியுமாக நின்று கொத்து வேலைக்குக் காத்திருப்பவரும் அதில்தான் வருவார். தமிழில் தினக்கூலி, அன்றாடங்காய்ச்சி என்ற சொற்கள் இருக்கின்றன. 'அன்றாடங்காய்ச்சி' என்பதில் அடுப்பு தெரிகிறது, உலை தெரிகிறது. 'கேஷுவல் லேபர்' என்பதில் ஒன்றும் தெரியவில்லை. யாரோ ஓய்வாக வேலை செய்கிறார் என்றுகூடத் தோன்றும்.

பிடிமானம் இல்லாதது தொழிலாளியின் விருப்பம் என்று இந்தச் சொல்லைக் கேட்டால் தோன்றும். உண்மையில் பொறுப்பேற்க மறுத்தது முதலாளி. பெயர் மட்டும் தொழிலாளிக்கு. பத்து, பதினைந்து ஆண்டு ஒரே அலுவலகத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவரும் காகிதத்தில் கேஷுவலாகவே இருப்பார். 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, முறையான தேர்வு வழியாக வராத தற்காலிக, தினக்கூலிப் பணியாளர்கள் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில், நீதிமன்ற உத்தரவின் துணை இல்லாமலே பத்தாண்டுக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு மட்டும் ஒருமுறை விலக்கு அளித்தது. ஒரு பெயரடை ஒரு குடும்பத்தின் ஓய்வூதியத்தைத் தீர்மானிக்கும் இடம் அது.

ஆஸ்திரேலியாவில் இதே சொல் இன்னொரு கோலத்தில் உலவுகிறது. அங்கே படிக்கப் போன பிள்ளைகள் தொலைபேசியில் 'நான் கேஷுவலாகத்தான் வேலை செய்கிறேன்' என்றால், அக்கறையில்லாமல் வேலை செய்கிறார்கள் என்று பெற்றோர் கவலைப்பட வேண்டாம். அது சட்டப்படி ஒரு பணி வகை. சம்பளத்தோடு ஆண்டு விடுப்பும் நோய் விடுப்பும் கிடையாது. அதற்கு ஈடாக மணிக்கூலியில் பொதுவாக 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். தொடர்ந்து வேலை உண்டு என்ற உறுதியான முன்வாக்கு இல்லாத வேலை என்பதுதான் சட்டம் அதற்குச் சொல்லும் அடையாளம். லத்தீன் காலத்துப் பொருள், சட்டப் புத்தகத்தில் அப்படியே உயிரோடு இருக்கிறது.

உடைக்கு வந்தால் காற்று மாறிவிடுகிறது. ஹவாயில் 1966 வாக்கில், வெள்ளிக்கிழமைகளில் கோட்டும் டையும் இல்லாமல் பூப்போட்ட சட்டையில் அலுவலகம் போகலாம் என்ற பழக்கம் பரவியது. அதற்குப் பின்னால் அந்தத் தீவின் துணி வியாபாரிகளின் முயற்சி இருந்தது. அமெரிக்கப் பெருநிலத்துக்கு அந்தப் பழக்கம் வந்த பிறகு, 1992இல் உடை தயாரிக்கும் லீவைஸ் நிறுவனம் அலுவலக கேஷுவல் உடை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கையேடு அச்சிட்டு, நிறுவனங்களின் மனிதவளத் துறையினருக்கு அனுப்பியது. கட்டுப்பாடு வேண்டாம் என்பதற்கு ஒரு கையேடு! விற்றது என்னவோ காக்கிக் காற்சட்டை.

இங்கே ஏமாந்துவிடக் கூடாது. அழைப்பில் 'ஸ்மார்ட் கேஷுவல்' என்று இருந்தால் எதை வேண்டுமானாலும் உடுத்தி வரலாம் என்று பொருள் இல்லை. டை வேண்டாம், ஆனால் காலர் வைத்த சட்டை, தேய்த்த காற்சட்டை, மூடிய காலணி எல்லாம் வேண்டும். ரப்பர் செருப்போடு போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், எல்லாரும் பார்ப்பார்கள். பிரிட்டனில் 1980களில் கால்பந்து ரசிக இளைஞர்களில் ஒரு கூட்டத்துக்கே 'கேஷுவல்ஸ்' என்று பெயர். லிவர்பூல் அணிக்குப் பின்னால் ஐரோப்பா முழுவதும் சுற்றிவிட்டு, இத்தாலிய, பிரெஞ்சு விளையாட்டு உடைகளை வாங்கி வந்து அணிந்தவர்கள். எந்தச் சட்டைக்கு எந்தக் காலணி என்பதில் மாப்பிள்ளை வீட்டாரைவிட மெனக்கெட்டார்கள்.

கேஷுவலையும் 'இன்ஃபார்மல்' என்ற சொல்லையும் ஒன்றாக்கிவிடுவதும் பரவலான பிழை. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். மோடி வேட்டி சட்டையில் வந்தார், ஷி டை இல்லாமல் வெள்ளைச் சட்டையில் வந்தார். அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, கடற்கரைக் கோயில் என்று சுற்றிப் பார்த்தார்கள். அதற்குப் பெயர் முறைசாரா உச்சி மாநாடு; இன்ஃபார்மல். உடையை மட்டும் வேண்டுமானால் கேஷுவல் என்று சொல்லலாம். சந்திப்பை அப்படிச் சொல்ல முடியாது. எத்தனையோ நாள் முன்னதாகத் திட்டமிட்டு, ஊரையே பாதுகாப்பு வளையத்துக்குள் வைத்து நடத்தியது அது. ஷி ஜின்பிங்கும் மோடியும் மாமல்லபுரத்து இளநீர்க் கடை வாசலில் எதிரெதிரே முட்டிக்கொண்டிருந்தால் அது கேஷுவல் சந்திப்பு. அதேபோல், தந்தையை இழந்த நண்பனுக்கு எழுதும் கடிதம் இன்ஃபார்மலாக இருக்கலாம். கேஷுவலாக இருந்தால் நட்பு முறிந்துவிடும்.

'யூஷுவல்' என்ற சொல்லோடு ஓசை ஒத்துப்போவதால் வரும் தடுமாற்றத்தையும் சொல்ல வேண்டும். 'இதெல்லாம் எனக்கு கேஷுவல்' என்று சொல்பவர் பெரும்பாலும் 'வழக்கமானதுதான்' என்று சொல்ல வருகிறார்.

இந்தச் சொல் மனிதர்களின் பேச்சோடும் குணத்தோடும் சேரும்போது நுட்பமாகிறது. கேஷுவல் ரிமார்க் என்றால் போகிற போக்கில் உதிர்த்த சொல். கேஷுவல் அப்சர்வர் என்றால் மேலோட்டமாகப் பார்ப்பவர், திட்டு இல்லை. ஆனால் ஒருவர் ஒரு செய்தியை 'கேஷுவலாகக் குறிப்பிட்டார்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் அதில் பெரும்பாலும் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். மகன் வெளிநாட்டில் வீடு வாங்கியதைச் சொல்வதற்காகவே வந்தவர், காபியை ஆற்றிக்கொண்டே வேறெதையோ பேசுவதுபோல அதை நுழைப்பார் அல்லவா, அந்தச் சாயல்.

கேஷுவல் ரேசிசம், கேஷுவல் குரூவல்டி போன்ற தொடர்களில் இந்தச் சொல் கூர்மையாகிறது. சிறிய அளவு இனவெறி, லேசான கொடுமை என்று இவற்றைப் புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். அளவு சிறியது என்று சொல்ல இந்தச் சொல் அங்கே வரவில்லை. செய்பவர் யோசிக்காமல், உறுத்தாமல் செய்கிறார் என்கிறது. சென்னையில் வாடகை வீடு பார்க்கப் போனால், வாடகையும் தண்ணீர் வசதியும் பேசி முடிந்த பிறகு, வீட்டுக்காரர் புன்னகையோடு 'நீங்கள் சைவம்தானே?' என்பார். தயங்கினால் 'தப்பாக நினைக்காதீர்கள், சும்மா கேட்டேன்' என்பார். சாதி என்ற சொல்லே வாயில் வராது. ஆனால் வீடு கிடைக்காது. அவர் குரலில் கோபம் இல்லை, வெறுப்பு இல்லை, தவறு செய்கிறோம் என்ற எண்ணமும் இல்லை. அந்த எண்ணம் இல்லாததைத்தான் கேஷுவல் என்று ஆங்கிலம் சுட்டுகிறது. இங்கே அது கடுமையான குற்றச்சாட்டு.

ஆண், பெண் உறவைப் பற்றிப் பேசும்போது மட்டும் மிகவும் கவனம் தேவை. 'எங்களுக்குள் ஒன்றும் இல்லை, வெறும் பழக்கம்' என்று சொல்ல நினைத்து 'கேஷுவல் ரிலேஷன்ஷிப்' என்று சொல்லிவிட்டால், நீங்கள் மறுக்க வந்ததையே ஒப்புக்கொண்டதாகிவிடும். வெறும் பழக்கத்துக்கு 'கேஷுவல் அக்வைன்டன்ஸ்' என்று சொல்வார்கள்.

இதற்கெல்லாம் தமிழில் ஒரே சொல் கேட்டால் கிடைக்காது, தேடவும் வேண்டாம். சந்திப்புக்குத் தற்செயல், எதேச்சை, வேலைக்குத் தினக்கூலி, பேச்சுக்குப் போகிற போக்கில், பார்வைக்கு மேலோட்டமாக, குறை சொல்ல ஏனோதானோ, மெத்தனம், அலட்சியம். எல்லாவற்றுக்கும் ஓரளவு ஈடுகொடுப்பது நம் 'சும்மா' ஒன்றுதான். சும்மா வந்தேன், சும்மா கேட்டேன், சும்மா சொன்னேன். அதிலும் நோக்கமில்லாமையும் பொறுப்பில்லாமையும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. ஆனால் அரசாணையில் 'சும்மா விடுப்பு' என்று எழுத முடியாது.

உங்கள் மதிப்பீட்டுக் குறிப்புக்குத் திரும்புவோம். பாராட்டா குறையா என்று சந்தேகம் வரும்போது, கேஷுவலுக்கு அடுத்து நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். அது கவனத்தையோ உறுதியையோ கேட்கிற விஷயமா? சட்டை கேட்காது, அரட்டை கேட்காது, மாலையில் எட்டிப் பார்க்கும் நண்பரின் வருகை கேட்காது. அங்கெல்லாம் கேஷுவல் இனிமையான சொல். வேலை, பாதுகாப்பு, கணக்கு, வாக்குறுதி இவை கேட்கும். அங்கே அது குறை. உங்கள் மேலாளர் 'கேஷுவலாகப் பழகுகிறார்' என்ற பொருளில் எழுதியிருந்தால் மகிழலாம். 'வேலையில் அணுகுமுறை' என்று எழுதியிருக்கிறார். எந்தெந்த வேலையில் அப்படித் தோன்றியது, எந்தத் தேதி தவறியது, எந்த மின்னஞ்சலுக்குப் பதில் போகவில்லை என்று நேரில் கேளுங்கள். பெயரடையைப் பற்றி வாதாடாமல் சம்பவத்தைப் பற்றிப் பேசினால் அவரும் இறங்கி வருவார்.

அதற்கு எழுத்தில் பதில் கொடுப்பதாக இருந்தால் இன்னொன்று. ஆங்கில எழுத்துக்கூட்டலில் எஸ், யு இரண்டும் இடம் மாறினால் கேஷுவல் 'காஸல்' ஆகிவிடும்; காரணம் சார்ந்தது என்று பொருள். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துப்பிழை திருத்தி பெரும்பாலும் சிவப்புக் கோடு போடாது. 'காரண விடுப்பு' கேட்டு வரும் விண்ணப்பங்கள் அலுவலகங்களில் ஏராளம். நீங்களாவது அனுப்புவதற்கு முன் ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள், குறிப்பாக இந்தப் பதிலில்.